கொடிக்கம்பமா, கண்ணாடிப் பெட்டியா?

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதுவது விடுதிச் சாப்பாடு, பேராசிரியரின் மிதிவண்டி, கடைசி பெஞ்சுக் கும்மாளம் இவற்றைத்தான். நானும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் விழாக் குழுவில் மூன்று வாரம் நடந்த ஒரு சண்டை என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. சண்டை ஒரு பழைய துணியைப் பற்றி.

விளையாட்டுத் துறையின் பின்னறையை ஒழுங்கு செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே கறுத்துப்போன சில கோப்பைகள், துருப்பிடித்த விசில்கள், அணிவகுப்புக்குக் கட்டும் இடைவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு பெரிய துணி. விரித்துப் பார்த்தால் யூனியன் ஜாக். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. மற்றபடி சிவப்பும் நீலமும் இன்னும் மங்கவில்லை.

நூற்றாண்டு கண்ட கல்லூரியில் இப்படி ஒரு கொடி கிடைப்பது அதிசயமல்ல. 1947க்கு முன்னால் நம் கம்பத்தில் பறந்தது வேறு எந்தக் கொடியாக இருந்திருக்க முடியும்? கிடைத்ததை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. "மேடைக்குப் பின்னால தொங்கவிடலாம், பழைய காலத்து லுக் வரும், எல்லாரும் நின்னு போட்டோ எடுத்துப்பாங்க" என்றார் அலங்காரப் பொறுப்பு ஏற்றிருந்த தம்பி. "கொளுத்துங்கய்யா அதை" என்றார் இன்னொருவர். என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஒன்றுமே பேசவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "அது தொங்குற மண்டபத்துக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவருடைய தாத்தா 1932ல் சிறைக்குப் போனவர்.

"நீங்கதானே சரித்திரம் படிச்சவர், ஒரு முடிவு சொல்லுங்க" என்று என் தலையில் கட்டினார்கள். முடிவு சொல்ல நான் நீதிபதியில்லை. ஆனால் இதே கேள்வியில் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தவன். அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1978ல் ஒரு பட்டிமன்றம்

1978ல் வரலாற்று மன்றத்தில் ஒரு விவாதம். தலைப்பு, மவுண்ட் ரோடிலிருந்து நீல் சிலையை அகற்றியது சரியா என்பது. நான் இரண்டாமாண்டு மாணவன். தொண்டை பெரிசு, படிப்பு சிறிசு. "அகற்றியது போதாது, உடைத்து உருக்கியிருக்க வேண்டும்" என்று முழங்கினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலைமை வகித்த எங்கள் பேராசிரியர் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீ அந்தச் சிலையைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. "பார்க்காததை எப்படிப்பா உடைக்கிறே? முதல்ல போய்ப் பாரு. யாரு, என்ன செஞ்சான், யாரு வச்சா, யாரு எடுத்தா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வந்து அப்புறம் உடை" என்றார். மன்றமே சிரித்தது. எனக்குக் காது சிவந்தது.

அவர் சொன்ன நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடப் போனேன். இன்றைய மாணவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீல் என்பவன்

ஜேம்ஸ் நீல் ஸ்காட்லாந்துக்காரன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில், மெட்ராஸ் பியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் பட்டாளத்துக்குத் தளபதி. 1857ல் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோது சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டான். ஜூன் மாதம் காசிக்கும் அலகாபாத்துக்கும் போனான். அவன் போன வழியில் ஊர்கள் எரிந்தன. கலகத்தில் கலந்தவன், கலக்காதவன் என்ற பேதம் பார்க்காமல் மனிதர்கள் மரங்களில் தொங்கவிடப்பட்டார்கள்.

ஜூலை மாதம் கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் அடைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேர். அது கொடுமைதான், அதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையல்ல. ஆனால் நீலின் அலகாபாத் கொடுமைகள் அதற்கு முந்தியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கான்பூருக்கு வந்த நீல் ஓர் உத்தரவு போட்டான். தூக்குத் தண்டனை பெற்றவர்கள் சாகுமுன் அந்த வீட்டுத் தரையில் உறைந்திருந்த ரத்தத்தைத் துடைக்க வேண்டும். மறுத்தவனுக்குச் சவுக்கடி. உயிரை எடுப்பதோடு அவர்கள் நம்பிய சமய ஆசாரத்தையும் அழிக்க வேண்டும் என்பதே நோக்கம். அதை அவனே மறைக்கவில்லை. அதே 1857 செப்டம்பர் 25ஆம் தேதி லக்னோவில் குண்டு பட்டு இறந்தான்.

அவனுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் ஏர் நகரில் ஒரு சிலை. சென்னை மவுண்ட் ரோடில் இன்னொரு சிலை. இரண்டையும் செய்தவர் மாத்யூ நோபிள் என்ற சிற்பி. அந்தமானில் ஒரு தீவுக்கும் அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தீவு 2018 டிசம்பரில்தான் ஷாகீத் தீவு என்று பெயர் மாறியது.

சென்னையில் அந்தச் சிலை ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு நின்றது. டிராம் வண்டியில் போனவர்களும் கறிகாய்க் கூடையோடு போனவர்களும் அதைத் தாண்டித்தான் போனார்கள். பாதிப் பேருக்கு அது யார் என்றே தெரிந்திருக்காது. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பீடத்தில் ஏற்றி வைத்த உருவம் தன் கதையைச் சொல்வதில்லை. "இவன் பெரிய மனுஷன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். நாள் போகப்போக ஜனங்களும் ஆமாம் என்று பழகிவிடுவார்கள்.

சுத்தியலும் சத்தியாகிரகமும்

1927 ஆகஸ்டில் மதுரையிலிருந்து போன தொண்டர்கள் இருவர், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், பட்டப்பகலில் அந்தச் சிலையைத் தாக்கினார்கள். உடனே கைது. பிறகு அணி அணியாகத் தொண்டர்கள் வந்தார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போராட்டத்துக்கு வந்தார். தாயோடு பிள்ளையும் தண்டனை அனுபவித்தது. பின்னாளில் காந்தி அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயர் வைத்து வார்தாவுக்கு அழைத்துப்போனார்.

அந்த வருடம் சென்னைக்கு வந்த காந்தியைத் தொண்டர்கள் சந்தித்தார்கள். போராட்டம் நடக்கட்டும், ஆனால் அஹிம்சை தவறக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்போது இளைஞராக இருந்த காமராஜரும் இந்தப் போராட்டத்தை நடத்த அவரிடம் அனுமதி வாங்கினார். அதற்குள் சைமன் கமிஷன் பகிஷ்காரம் வந்து நாட்டின் கவனம் முழுதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சிலை நின்ற இடத்திலேயே நின்றது.

பத்து வருடம் கழித்து, 1937ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. அந்த ஆண்டே சிலை மவுண்ட் ரோடை விட்டுப் போனது. யாரும் அதை உடைக்கவில்லை. பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது. சிறை சென்றவர்களின் கட்சி ஆட்சிக்கு வந்து, கையில் அதிகாரம் இருந்தும் உருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்டது சிலை தெருவில் மரியாதையோடு நிற்கக் கூடாது என்பதுதான். அது கிடைத்தது.

மூன்றாமாண்டில் வரலாற்றுச் சுற்றுலா போனபோது நான் எழும்பூரில் அந்தச் சிலையைப் பார்த்தேன். கோபம் பொங்கும் என்று எதிர்பார்த்தேன். பொங்கவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பத்து வயசுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "யாருண்ணே இது?" என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ரத்தம் துடைக்கவைத்த கதையையும் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ஏன் இவருக்குப் போய் சிலை வச்சாங்க?" என்று கேட்டான்.

நான் விவாதத்தில் கேட்டபடி உருக்கியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. அது மவுண்ட் ரோடிலேயே நின்றிருந்தாலும் பிறந்திருக்காது. திரும்பி வந்து பேராசிரியரிடம் சொன்னேன். "இப்போ உடைக்கணும்னு தோணுதா?" என்றார். "இல்லை சார்" என்றேன். "பரவாயில்லை, பாஸ்" என்றார்.

இதற்காக, வெள்ளைக்காரன் சிலை எல்லாமே ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை. தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவை யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை. அவரும் கம்பெனி ஆள்தான். ஆனால் ரயத்துவாரி முறையோடும் பொறுமையாகக் குறை கேட்ட கலெக்டர் என்ற பேரோடும் ஜனங்கள் அவரை ஞாபகம் வைத்திருந்தார்கள். நீலுக்குச் சிலை வைக்கக் காரணமே 1857ல் அவன் செய்த வேலைதான். வேறு தகுதி அவனுக்கு இல்லை. எதற்காக அந்த அடையாளம் தூக்கி நிறுத்தப்பட்டது என்று கேட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

நம் கொடியும் ஒருகாலத்தில் வம்புக் கொடிதான்

இனி கொடிக்கு வருகிறேன். "வம்பு வளர்க்கும் கொடி எதுவானாலும் தடை போட்டுவிடணும்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் ஞாபகப்படுத்தியது இது: வம்புக் கொடி என்று முதலில் தடுக்கப்பட்டது நம் மூவர்ணக் கொடிதான்.

1923ல் ஜபல்பூரில் நகராட்சிக் கட்டடத்தில் ராட்டை போட்ட கொடியை ஏற்றியதில் ஆரம்பித்த தகராறு, நாகபுரியில் கொடிப் போராட்டமாக வளர்ந்தது. வெள்ளைக்காரர்கள் குடியிருந்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் அந்தக் கொடியோடு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. ஜம்னாலால் பஜாஜ் நடத்தினார், பிறகு வல்லபாய் படேல் வந்து தலைமை ஏற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை போனார்கள். கடைசியில் ஆகஸ்டில் கொடி ஊர்வலம் அந்தத் தெரு வழியாகவே போனது.

1932 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் தேதி திருப்பூரில் ஊர்வலம் போன குமரன் தடியடி பட்டு விழுந்தார். மறுநாள் உயிர் போயிற்று. கையிலிருந்த கொடியை விடவில்லை என்பதால் இன்றுவரை அவர் கொடி காத்த குமரன். அதே மாதம் 26ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் உயரமான கம்பத்தில் யூனியன் ஜாக் பறக்க வேண்டிய இடத்தில் மூவர்ணக் கொடி பறந்தது. ஏற்றியவர் ஆர்யா என்கிற பாஷ்யம், பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் பேர் வாங்கியவர்.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் மூவர்ணக் கொடி முறைப்படி ஏறியது. அன்று ஏறிய கொடி இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பட்டுத் துணி, 12 அடி நீளம். சென்னை போகும் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஆகவே, தடை என்பது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. இன்றைக்கு நமக்குப் பிடிக்காத கொடியைத் தடுக்க அதிகாரிக்கு அதைக் கொடுத்தால், நாளைக்கு நம் பேரன் பிடிக்கும் கொடியையும் அதே கத்தி வெட்டும். ஒரு தனி மனிதன் தன் வீட்டில் எதை வைத்துக்கொள்கிறான் என்பது ஒரு விஷயம். எல்லோருக்கும் பொதுவான கம்பத்தில், எல்லோர் பெயராலும் எது பறக்கிறது என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசத்தை எனக்குத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்காடல்.

தென் கரோலினாவில்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தொடங்கியது. பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைகள் பிடித்த கொடிகளில் ஒன்று சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதன்மேல் 13 வெள்ளை நட்சத்திரம். ஏன் பிரிகிறோம் என்று அந்த மாநிலம் 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரகடனத்தை எடுத்துப் படித்தால் அடிமை முறையைக் காப்பாற்றத்தான் என்பது அவர்கள் வாயாலேயே தெரியும். 1865ல் தோற்றார்கள், அடிமை முறை ஒழிந்தது.

சுவாரசியம் இனிமேல்தான். அந்தக் கொடி தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் ஏறியது போர் முடிந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1961ல். போரின் நூற்றாண்டு விழா என்று காரணம் சொன்னார்கள். விழா முடிந்த பிறகும் இறக்கவில்லை. கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. அன்றைக்கு அந்தக் கொடி யாரைப் பார்த்து என்ன சொல்லியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பல வருடச் சண்டைக்குப் பிறகு 2000ல் ஒரு சமரசம். உச்சியிலிருந்து இறக்கி, கட்டடத்துக்கு முன்னால் போர் நினைவுத்தூண் பக்கத்தில் ஒரு கம்பத்தில் கட்டினார்கள். உச்சியில் இருந்தபோது அண்ணாந்து பார்க்க வேண்டும், இப்போது கண்ணுக்கு நேரே. இரு தரப்பையும் திருப்திப்படுத்தப் போய், புண்ணை இன்னும் கிட்டே கொண்டுவந்து வைத்த சமரசம்.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் வேதப் பாடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். அதே கொடியைப் பிடித்தபடி அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. துக்கத்துக்காக தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் இறங்கின. அந்தக் கொடி மட்டும் முழுக் கம்பத்தில் நின்றது. சட்டமன்றம் சொல்லாமல் அதைத் தொட முடியாதபடி சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து ப்ரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அதை இறக்கிக் கைதானார். கொஞ்ச நேரத்தில் கொடி மறுபடி ஏறியது. ஜூலை 10ஆம் தேதிதான், சட்டமன்றம் வாக்களித்து, ஆளுநர் நிக்கி ஹேலி கையெழுத்துப் போட்ட பிறகு, அது முறைப்படி இறங்கியது. அந்த ஆளுநர் பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியக் குடும்பத்துப் பெண். கொடி ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது.

அங்கேயும் தாத்தா பிரச்சினை இருந்தது. "என் முன்னோர் இந்தக் கொடியின் கீழ் செத்தார்கள், அவர்களை அவமதிக்காதீர்கள்" என்று கண்ணீரோடு கேட்டவர்கள் எல்லோரையும் இனவெறியர் என்று தள்ளிவிட முடியாது. செத்தவன் செத்தவன்தான், அவன் பேரனுக்கு அழுகை வருவதில் தப்பில்லை. ஆனால் அந்த விவாதத்தில் பேசிய பால் தர்மண்ட் என்ற உறுப்பினரை நினைத்துப் பாருங்கள். அவர் அப்பா ஸ்ட்ராம் தர்மண்ட் 1948ல் இனப் பிரிவினையைக் காப்பாற்ற ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். அவர் ஆதரவாளர்கள் ஆட்டியது இந்தக் கொடியைத்தான். மகன் எழுந்து, அடிமை முறைக்காகச் சண்டை போட்டது எனக்குப் பெருமையில்லை என்று சொல்லி, இறக்க வாக்களித்தார். அப்பாமேல் அவருக்குப் பாசம் இல்லாமல் போகவில்லை. பாசத்தையும் பெருமையையும் அவர் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை.

நம் வீட்டிலும் இரண்டு தாத்தாக்கள்

இதெல்லாம் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போன நண்பர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. கொஞ்ச நேரம் மூட்டு வலி, பேரன் படிப்பு என்று சுற்றிவிட்டுப் பேச்சைத் தொட்டேன்.

"டேய், அந்தத் துணி எங்கேயாவது இருந்துட்டுப் போகட்டும், எனக்கு என்ன?" என்றார். "மேடையில கட்டி, அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறதை என்னால பார்க்க முடியாது. எங்க தாத்தா முதுகுல இருந்த தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கேன்."

அவருக்குக் கொடி இருப்பதில் ஆட்சேபணை இல்லை, அது இருக்கும் விதத்தில்தான் ஆட்சேபணை. மூன்று வாரமாக நாங்கள் "வைக்கலாமா, கூடாதா" என்றே சண்டை போட்டோம். எப்படி, எங்கே, எதோடு வைப்பது என்று யாரும் கேட்கவே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. குழுவில் இருக்கும் ஓர் அண்ணனின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போன சிப்பாய். நம் பக்கத்து ஊர்களிலிருந்து வயிற்றுப் பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் கொஞ்சமா? முதல் உலகப் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள் என்று பொறித்த கல் பலகைகளை நாட்டின் பல கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். அவர்கள் சண்டை போட்டதும் இதே கொடியின் கீழ்தான். "எங்கப்பா துரோகியா?" என்று அந்த அண்ணன் கேட்டபோது குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. துரோகி இல்லைதான். ஆனால் அவர் தைரியத்தைச் சொல்ல அவருடைய மெடல் போதும், கொடியை மண்டபத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது சட்டப்படி குற்றம். ஆனால் அதே சட்டம் கல்வி, ஆராய்ச்சி, கலை, வரலாற்றை எடுத்துச் சொல்லும் காரியம் இவற்றுக்கு விலக்கு வைத்திருக்கிறது. அதாவது, சின்னம் ஒன்றேயானாலும் காரியத்தைப் பொறுத்துத்தான் தீர்ப்பு. நம் வியாபாரிகள் கணக்குப் புத்தகத்தில் போடும் ஸ்வஸ்திகா மங்கலம். அதையே சாய்த்து ஹிட்லர் பிடித்தபோது அது கோடிக்கணக்கானவர்களுக்குச் சாவுச் சின்னம். கோட்டுக்குத் தானாக ஒரு குணமும் இல்லை, பிடித்தவன் கொடுத்ததுதான் குணம்.

நாங்கள் எடுத்த முடிவு

கடைசியில் குழுவில் நான் வைத்த யோசனை இதுதான். கொடியைக் கம்பத்திலும் ஏற்ற வேண்டாம், மேடையிலும் கட்ட வேண்டாம், தீயிலும் போட வேண்டாம். நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில், பெட்டியில் கிடைத்தபோது இருந்த மடிப்போடு, படுக்கை வசத்தில் வைப்போம். பறக்கும் கொடிக்கு மரியாதை செலுத்தத் தோன்றும், மடித்துக் கிடக்கும் கொடியைக் குனிந்து படிக்கத் தோன்றும். பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள். ஒன்று, அண்ணனின் அப்பா வாங்கிய மெடல். இன்னொன்று, நண்பரின் தாத்தா விடுதலையானபோது சிறையில் கொடுத்த சீட்டு.

விளக்கப் பலகையை நான் எழுத மறுத்துவிட்டேன். இப்போதைய வரலாற்றுத் துறை மாணவர்கள் எழுதட்டும் என்றேன். என் தலைமுறை எழுதினால் கோபமோ ஏக்கமோ கலந்துவிடும். அவர்கள் முதலில் கொண்டுவந்த வாசகம் இரண்டே வரி: "ஆங்கிலேயர் காலக் கொடி. கல்லூரிச் சேகரிப்பு." பேராசிரியர் ஞாபகம் வந்துவிட்டது. "யாரு ஏத்தினா, யாரு வணக்கம் வச்சா, யாரு வைக்கமாட்டேன்னு சொன்னா, யாரு இறக்கினா, இதெல்லாம் எங்கேப்பா?" என்றேன். திரும்பிப் போய்ப் பழைய கல்லூரி இதழ்களையும் வருகைப் பதிவேடுகளையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புரட்டலே இந்தக் கொடியால் வந்த லாபம்.

அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியும் தூசி படிந்தால் பரண்தான். யாராவது நின்று பார்த்து, "ஏன்?" என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். மாணவத் தம்பி தங்கைகளே, அந்த வேலை உங்களுடையது.

நண்பர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பழுப்பேறிய சின்னக் காகிதம், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. கொடுக்கும்போது, "பத்திரமா வை. கொடி பக்கத்துல வைக்காதே, நடுவுல கொஞ்சம் இடம் விடு" என்றார். ஒரு சாண் இடம் விட்டிருக்கிறோம். விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நூலகத்துக்குள் வருவாரா என்று நான் கேட்கவில்லை.

- ஒரு பழைய மாணவன், பி.ஏ. வரலாறு, 1976-79